மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: சொந்த ஆளா, வெளி நிறுவனமா? செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுக்கும் வேலைதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். காதில் ஹெட்போன், காலடியில் ஒலியை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெடல் என்று அதில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் மற்றவர்கள் அடித்ததைத் திருத்தும் கியூஏ வேலை. இப்போது மருத்துவமனை நிர்வாகங்களுக்கு இந்தச் செலவுக் கணக்கைப் போட்டுக் கொடுக்கிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எடுத்தவுடன் கேட்கிறேன், எது மலிவு?

உங்கள் எண்களைப் பார்க்காமல் யாராவது இதற்குப் பதில் சொன்னால் அவரை நம்பாதீர்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு பக்கம் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்டின் மாதச் சம்பளத்தை எழுதுவார்கள், மறுபக்கம் வெளி நிறுவனம் கொடுத்த லைன் ரேட்டை எழுதுவார்கள், இரண்டையும் பெருக்கி வகுத்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். சம்பளம் என்பது நேரத்துக்குக் கொடுக்கும் காசு, லைன் ரேட் என்பது அடித்த எழுத்துக்குக் கொடுக்கும் காசு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். டாக்டர் ஒரு திருத்தமும் செய்யாமல் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு ரிப்போர்ட் அவர் மேஜைக்கு வந்து சேர மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பார்த்தால்தான் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியும்.

லைன் என்றால் லைன்தானே? அதில் என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் பரவலாக இருக்கும் வழக்கம், 65 எழுத்துகள் சேர்ந்தால் ஒரு லைன் என்பது. இங்கே எழுத்து என்பது ஒரு தட்டச்சுக் குறி. திரையில் எத்தனை வரி தெரிகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மொத்த எழுத்தை எண்ணி 65-ஆல் வகுக்க வேண்டியதுதான். ஆனால் எந்த எழுத்தை எண்ணுவது? இடைவெளியை எண்ணலாமா? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தானாக வரும் நோயாளி பெயர், எண், தேதி எல்லாவற்றையும் எண்ணலாமா? டாக்டர் "நார்மல் எக்ஸாம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல, டெம்ப்ளேட்டிலிருந்து இருபது வரி வந்து விழுகிறதே, அதற்கும் காசா? தடித்த எழுத்துக்காக அழுத்திய கீயைக்கூட ஒரு எழுத்தாக எண்ணுகிறவர்கள் உண்டு.

ஒரே ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொள்வோம். இடைவெளியோடு சேர்த்து 3,900 எழுத்துகள் என்று வையுங்கள். 65-ஆல் வகுத்தால் 60 லைன். அதே ரிப்போர்ட்டில் இடைவெளியை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் எண்ணினால் 3,250 வரும், அப்போது அது 50 லைன். மூன்றாவதாக கிராஸ் லைன் என்று ஒரு முறை இருக்கிறது. வரியில் ஒரே ஒரு வார்த்தை இருந்தாலும் அது முழு லைன்தான் என்று எண்ணுவார்கள். மருந்துப் பட்டியலும் சின்னச் சின்னத் தலைப்புகளும் நிறைந்த ரிப்போர்ட் என்றால் இதே கோப்பு 78 லைனாகக்கூட ஆகிவிடும். ஆக ஒரே ரிப்போர்ட் 50, 60, 78 என்று மூன்று விதமாக நிற்கிறது. இதில் மூவருமே பொய் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2007-ல் அமெரிக்காவின் மருத்துவத் தகவல் மேலாண்மைச் சங்கமும் டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனங்களின் சங்கமும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் அலகாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தன. அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எண்ணிச் சரிபார்த்துவிடலாம் என்பது அதன் பெரிய நன்மை. என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான அளவு. ஒரு எழுத்துக்கான ரேட் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பின்னால் சண்டை வராது.

சொந்த ஆள் வைத்தால் ஒரு லைனுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்களெல்லாம் புரிவதற்காக நான் வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரின் மாதச் சம்பளம் 100 பங்கு என்று வைப்போம். மாதம் 22 நாள், தினம் 8 மணி நேரம், ஆக 176 மணி நேரம். மணிக்கு 180 லைன் அடிக்கிறார். பெருக்கினால் 31,680 லைன். ஆக 1,000 லைனுக்கு 3.2 பங்குதான் ஆகிறது என்று தாளில் வரும். நிர்வாகக் கூட்டங்களில் நான் பார்த்த முதல் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அந்த 176 மணி நேரமும் அவர் அடித்துக்கொண்டே இருப்பதில்லை. விடுமுறை இருக்கிறது, உடம்பு சரியில்லாத நாள் இருக்கிறது, சர்வர் நின்றுபோகிற நேரம் இருக்கிறது. டிக்டேஷன், அதாவது டாக்டர் பேசிய பதிவு, வராமல் காத்திருக்கும் காலைப்பொழுது இருக்கிறது, புதிதாக வந்த மருந்தின் பெயரைத் தேடுவதற்கும் நேரம் போகிறது. கையில் உண்மையாக நிற்பது 140 மணி நேரம் என்று வைத்தால் 25,200 லைன்தான் வரும். செலவுப் பக்கம் பார்த்தால் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, போனஸ் மாதிரி விஷயங்களுக்கு 25 பங்கு, கணினி, பெடல், மென்பொருள் உரிமம், டிக்டேஷன் சர்வர், அதன் பராமரிப்பு, உட்காரும் இடம் எல்லாம் சேர்த்து 10 பங்கு. ஐந்து பேருக்கு ஒரு கியூஏ ஆள் வேண்டும், அதில் இவருக்கான பங்கு 25. ஒருவர் வேலையை விட்டுப் போய்ப் புதியவர் வந்து தேறும் வரை ஆகும் செலவை மாதங்களுக்குப் பிரித்தால் 5. மொத்தம் 165.

165-ஐ 25,200-க்குப் பிரித்தால் 1,000 லைனுக்கு 6.5 பங்கு. முதலில் போட்ட கணக்கைப்போல இரண்டு மடங்கு. சொந்த ஆள் வைப்பது மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. எந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே கொடுத்தால் லைன் ரேட்டைத் தவிர வேறு என்ன செலவு வரும்?

கோட்டேஷனில் முதல் பக்கத்தில் ஒரு ரேட் இருக்கும். மூன்றாம் பக்கத்தையும் படியுங்கள். அவசர ரிப்போர்ட்டுக்கு, அதாவது ஸ்டாட்டுக்குக் கூடுதல் ரேட். மாதம் குறைந்தபட்சம் இத்தனை லைன் தருவோம் என்ற உறுதி, தராவிட்டாலும் அதற்குக் காசு. உங்கள் மருத்துவமனை மென்பொருளோடு இணைப்பதற்கு ஒரு கட்டணம், அந்த மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறினால் இன்னொரு தடவை. புரிந்துகொள்ளச் சிரமமான டாக்டர்களுக்குத் தனி ரேட் கேட்பவர்களும் உண்டு. ஒலிக்கோப்பை இத்தனை நாளுக்கு மேல் வைத்திருக்கக் கட்டணம்.

பலரும் கணக்கில் விடுவது இன்னொன்று: வேலையை வெளியே அனுப்பினாலும் அதன் ஒரு பகுதி உங்கள் கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிடும். தவறான நோயாளி எண்ணோடு வந்த டிக்டேஷனைக் கண்டுபிடித்துச் சரியான கோப்பில் சேர்ப்பது, காலியிடம் விட்டு வந்த ரிப்போர்ட்டுகளை டாக்டரிடம் கொண்டுபோவது, பில் சரிபார்ப்பது, "அந்த ஆபரேஷன் நோட் இன்னும் வரவில்லை" என்று போன் செய்வது. இதையெல்லாம் ரெக்கார்ட்ஸ் பிரிவில் யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருப்பார், அவர் சம்பளம் வேறு தலைப்பில் போவதால் யார் கண்ணிலும் படாது.

சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மேலே பார்த்த அதே 25,200 லைன், இடைவெளியோடு 65 எழுத்துக் கணக்கில். வெளி நிறுவனம் 1,000 லைனுக்கு 4.5 பங்கு கேட்கிறது. அவர்களும் அதே 65 எழுத்துக் கணக்கில்தான் எண்ணுகிறார்கள் என்றால் 113 பங்கு. வேலையில் பத்து சதவீதம் ஸ்டாட், அதற்கு ஒன்றரை மடங்கு ரேட் என்றால் மொத்தம் 119. உள்ளே தங்கும் வேலைக்கு 20 பங்கு சேர்த்தால் 139. சொந்த ஆளுக்கு 165 ஆனது, ஆக வெளியே கொடுப்பது மலிவு.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன். அதே 4.5 பங்கு, ஆனால் அவர்கள் கிராஸ் லைன் எண்ணுகிறார்கள். மேலே சொன்ன டிஸ்சார்ஜ் சம்மரி 60-லிருந்து 78 ஆனதே, அதே விகிதத்தில் 25,200 என்பது 32,760 ஆகிவிடும். ரேட்டோடு பெருக்கினால் 147, ஸ்டாட்டோடு 155, உள்ளே தங்கும் வேலையோடு 175. இப்போது சொந்த ஆள்தான் மலிவு! கோட்டேஷனின் முதல் பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, மாறியது லைனுக்கான விளக்கம் மட்டும்தான். ரேட்டை ஐந்து சதவீதம் குறைக்கச் சொல்லி மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள், "எப்படி எண்ணுவீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்து போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

டாக்டரின் நேரத்தையும் இதில் சேர்க்க வேண்டுமா? அவர் சம்பளம் எப்படியும் போகத்தானே போகிறது?

கட்டாயம் சேர்க்க வேண்டும். 25,200 லைன் என்பது 60 லைன் நீளமுள்ள 420 ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றிலும் டாக்டர் ஒரே ஒரு நிமிஷம் கூடுதலாகத் திருத்த வேண்டியிருந்தால் மாதம் 420 நிமிஷம், அதாவது 7 மணி நேரம். டாக்டரின் ஒரு மணி நேரம் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்டின் மணி நேரத்தைவிட ஆறு மடங்கு விலை என்று வைத்தால் கிட்டத்தட்ட 24 பங்கு. 139 ஆக இருந்தது 163 ஆகிவிட்டது. சொந்த ஆளுக்கு 165. மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

அந்த 7 மணி நேரத்தில் அவர் நோயாளியைப் பார்த்திருக்கலாம், வீட்டுக்குப் போயிருக்கலாம். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கமா திருத்துகிற டாக்டர் கொஞ்ச நாளில் படிக்காமலேயே கையெழுத்துப் போட ஆரம்பித்துவிடுவார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

98 சதவீதத் துல்லியம் என்று எழுதித் தருகிறார்களே, போதாதா?

எதில் 98 என்று கேளுங்கள். வார்த்தைக் கணக்கில் என்றால் 500 வார்த்தை ரிப்போர்ட்டில் 10 பிழை வரை அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகத்தான் அர்த்தம். அந்தப் பத்தும் கமாவாக இருந்தால் பரவாயில்லை. அதில் ஒன்று மருந்தின் அளவாக இருந்தால்? "ஃபிப்டீன்" "ஃபிப்டி" ஆவதும், "ஹைப்போ" "ஹைப்பர்" ஆவதும், இடது வலது மாறுவதும், "இல்லை" என்ற ஒரு சொல் விடுபட்டுப்போவதும் தினம் நடக்கிற விஷயம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனை டிரான்ஸ்கிரிப்ஷனை வெளியே கொடுத்திருந்தது, வேலை அங்கிருந்து இன்னும் கைமாறி வெளிநாட்டுக்குப் போயிருந்தது. ஒரு பெண் நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 8 யூனிட் இன்சுலின் என்பது 80 யூனிட் என்று வந்துவிட்டது. அந்த அளவு அவருக்குப் போடப்பட்டது, 2008-ல் அவர் இறந்துபோனார். 2012 டிசம்பரில் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு பூஜ்யம். வெளியே போனதால் மட்டுமே இது நடந்தது என்று நான் சொல்லவில்லை, சொந்த ஆளும் இதே தவறைச் செய்யலாம். அடித்தவருக்கும் நோயாளிக்கும் நடுவில் அதைப் பார்த்து நிறுத்த யார் இருந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது. 2004-லேயே, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அங்குள்ள ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு, யூனிட் என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்காதீர்கள், முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்துப் பூஜ்யம் போடாதீர்கள் என்று தடைப்பட்டியலே போட்டிருந்தது. இப்படிப்பட்ட பிழைகளால் யாருக்காவது கேடு வந்துவிடக் கூடாது என்றுதான்.

அதனால் துல்லியத்தை இரண்டாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். நோயாளிக்குக் கேடு வரக்கூடிய பிழை தனி, அது ஒன்று வந்தாலே அந்த ரிப்போர்ட் தோல்வி. மற்ற பிழைகளுக்குத்தான் சதவீதம்.

காதில் சரியாக விழாத இடத்தில் பிளாங்க் விட்டு அனுப்புகிறார்களே, அது தப்புதானே?

தப்பில்லை. கேட்காததைக் கேட்காதது என்று சொல்வதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை நேர்மை. யூகித்து அடிப்பவரைவிடக் கோடு போட்டு விடுபவர் எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு பிளாங்குக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். நான் கியூஏ-வில் இருந்தபோது ஒரு சர்ஜன், வேகமாகப் பேசுவார், பின்னால் ஏசி இரைச்சல் வேறு. ஆபரேஷன் நோட்டில் தையல் நூலின் பெயர் வரும் இடம் மட்டும் கோடாக வந்திருந்தது. பெடலை அழுத்திப் பின்னால் போய்க் கேட்டேன், வேகத்தைக் குறைத்துக் கேட்டேன், பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவைக் கூப்பிட்டு ஒரு காதில் அவருக்கு ஹெட்போனைக் கொடுத்துக் கேட்டோம். மூன்றாவது தடவை அவர் சிரித்துக்கொண்டே "இவர் விக்ரில்தான் சொல்கிறார், எப்பவும் முதல் எழுத்தை விழுங்கிவிடுவார்" என்றார். அவர் அந்த சர்ஜனை ஆறு வருஷமாகக் கேட்டவர். இரண்டு பேர், ஏழெட்டு நிமிஷம், ஒரு வார்த்தை. அந்த அக்கா இல்லாத இடத்தில் அதே கோடு டாக்டருக்குத் திரும்பிப் போயிருக்கும். அவர் அதை இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார், அப்போது அவருக்கே நினைவிருக்காது.

டாக்டரின் குரலை வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய காது என்பது சொந்த ஆள் வைப்பதில் கிடைக்கும் மிகப் பெரிய சொத்து, எந்தச் செலவுத் தாளிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. வெளி நிறுவனத்திடமும் இதைப் பெறலாம், இந்த டாக்டர்களுக்கு இந்த நான்கு பேர்தான் அடிப்பார்கள் என்று உறுதி வாங்கினால். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் யார் காலியாக இருக்கிறாரோ அவருக்குத்தான் கோப்பு போகும்.

ரிப்போர்ட் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதற்கும் செலவுக்கும் என்ன சம்பந்தம்?

டிஸ்சார்ஜ் சம்மரி வராமல் கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லுக்கான குறியீடு போடும் வேலை, முடியாது, கோடிங் முடியாமல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் போகாது. இரண்டு நாள் தாமதம் என்றால் வர வேண்டிய பணம் இரண்டு நாள் வெளியே நிற்கிறது. இந்த விஷயத்தில் இரவிலும் வார இறுதியிலும் ஆள் வைத்திருக்கும் வெளி நிறுவனம் பெரும்பாலும் ஜெயித்துவிடும். சொந்தப் பிரிவில் வெள்ளிக்கிழமை மாலை சொன்னது திங்கள்கிழமை காலைதான் கையில் எடுக்கப்படும். ஆனால் கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள்: டாக்டர் பேசி முடித்ததிலிருந்தா, அவர்கள் சர்வருக்குக் கோப்பு போய்ச் சேர்ந்ததிலிருந்தா? பிளாங்கோடு வந்த ரிப்போர்ட் முடிந்த ரிப்போர்ட்டாக எண்ணப்படுமா?

நோயாளி தகவல் வெளியே போவது ஆபத்தில்லையா?

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் வெளியே போகும்போது சங்கிலி நீளமாகிறது. 2003-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கராச்சியில் இருந்த ஒரு டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட். தனக்குச் சேர வேண்டிய கூலி வரவில்லை, அதை வாங்கித் தராவிட்டால் நோயாளிகளின் தகவலை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார், ஆதாரத்துக்குச் சில கோப்புகளையும் இணைத்திருந்தார். மருத்துவமனை வேலையைக் கொடுத்தது பக்கத்திலேயே இருந்த ஒரு நிறுவனத்துக்கு. அங்கிருந்து அது ஃபுளோரிடாவில் ஒருவருக்கு, அவரிடமிருந்து டெக்ஸாஸில் ஒருவருக்கு, அவரிடமிருந்து கராச்சிக்குப் போயிருந்தது. கடைசியில் அடித்த அந்தப் பெண்ணுக்குத்தான் பணம் போய்ச் சேரவில்லை. மலிவான ரேட்டின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வேலையை மேலும் கைமாற்றக் கூடாது, மாற்றினால் எங்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் இல்லை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினித் தாக்குதலில் நுவான்ஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்கிரிப்ஷன் சேவை வாரக்கணக்கில் முடங்கியது, அதை நம்பியிருந்த மருத்துவமனைகள் திண்டாடின. 2023-ல் பெர்ரி ஜான்சன் அண்ட் அசோசியேட்ஸ் என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்து ஏறக்குறைய 90 லட்சம் பேரின் தகவல் பாதிக்கப்பட்டது. அதனால் செலவுத் தாளில் இரண்டு வரி சேருங்கள்: ஒன்று, சேவை ஒரு வாரம் நின்றால் மாற்று வழிக்கு ஆகும் செலவு. இன்னொன்று, தகவல் கசிந்தால் நோயாளிகளுக்குத் தெரிவிப்பதை யார் செய்வது, யார் காசில் என்பது.

பேசினாலே எழுத்தாக மாற்றும் மென்பொருள் வந்துவிட்டதே, இனி இந்தக் கேள்வியே எதற்கு?

மென்பொருள் நன்றாகவே வளர்ந்திருக்கிறது, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அது வேலையை இடம் மாற்றுகிறது. அடிக்கிற வேலை குறைகிறது, படித்துத் திருத்துகிற வேலை கூடுகிறது, அந்தத் திருத்தம் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் செலவு இருக்கிறது. 2018-ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த ஓர் ஆய்வு 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. பேச்சறியும் மென்பொருள் கொடுத்த முதல் பிரதியில் 100 வார்த்தைக்கு 7.4 பிழை இருந்தது. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் பார்த்த பிறகு அது 0.4 ஆனது. டாக்டர் கையெழுத்துப் போட்ட பிரதியில் 0.3. நடுவில் இருந்த அந்த மனிதர்தான் 7.4-ஐ 0.4 ஆக்கியவர். அவரை எடுத்துவிட்டால் அந்த வேலை முழுக்க டாக்டரிடம் போகிறது, மேலே போட்ட ஒரு நிமிஷக் கணக்கு அப்போது ஒரு நிமிஷத்தோடு நிற்காது.

மென்பொருள் இப்போது முன்னைவிட நன்றாகக் கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் புதிய வகை மென்பொருள் செய்யும் தவறு கண்ணில் படாத தவறு. வாக்கியம் அழகாக, இலக்கணம் பிசகாமல் இருக்கும், ஆனால் டாக்டர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். பழைய மென்பொருளின் உளறலை ஒரு பார்வையில் பிடித்துவிடலாம், இதைப் பிடிக்க ஒலியைத் திரும்பக் கேட்டாக வேண்டும். அப்புறம், மென்பொருள் கொடுத்ததைத் திருத்தித் தரும் வெளி நிறுவனம் உங்களிடம் முழு லைன் ரேட் வாங்குகிறதா, எடிட்டிங் ரேட் வாங்குகிறதா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது.

நாங்கள் சின்ன கிளினிக், மூன்று டாக்டர்கள். எங்களுக்கு?

முழுநேர ஆளுக்கு வேலை இருக்காது, அவர் லீவு போட்டால் மாற்றும் இருக்காது. வெளியே கொடுங்கள், குறைந்தபட்ச லைன் உறுதி கேட்காதவர்களாகப் பாருங்கள். இல்லையென்றால் நல்ல அனுபவமுள்ள ஒருவரைப் பகுதி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி இங்கே, பாதி வெளியே என்று வைத்துக்கொள்ளலாமா?

நான் போட்ட கணக்குகளில் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது இதுதான். மாதா மாதம் நிச்சயமாக வரும் வேலையின் அளவுக்கு மட்டும் சொந்த ஆள், அதற்கு மேல் வழிவது வெளியே. சொந்த ஆள் சும்மா இருக்கும் மணி நேரம் குறைகிறது, வேலை குவிந்தாலும் தேங்குவதில்லை. எதை உள்ளே வைப்பது என்பதில் கவனம் வேண்டும்: சிரமமான உச்சரிப்பு, சிக்கலான ஆபரேஷன் நோட், வழக்கு வரக்கூடிய கேஸ் எல்லாம் உள்ளே இருக்கட்டும். ஒரே மாதிரி வரும் குறிப்புகள் வெளியே போகட்டும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. கடினமானதையெல்லாம் உள்ளே வைத்தால் சொந்த ஆட்களின் மணிக்கு இத்தனை லைன் என்ற எண் விழும். அதைப் பார்த்துவிட்டு "இவர்கள் மெதுவாக இருக்கிறார்கள்" என்று யாராவது மேலிடத்தில் சொல்வார்கள். அந்த எண்ணை வெளி நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

இருக்கிற ஆட்களை அனுப்பிவிட்டு வெளியே கொடுத்தால், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்தானே?

திரும்பலாம், ஆனால் அந்த அக்கா திரும்ப வரமாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில் பிரிவை மூடிவிட்டு, ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பத் தொடங்கப் பார்த்தார்கள். நாற்காலி இருந்தது, பெடல் இருந்தது. டாக்டர்கள் ஒவ்வொருவரும் எந்த மருந்தை எந்தச் செல்லப்பெயரில் சொல்வார்கள் என்று எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைக் காணோம், அதை எழுதியவர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புதியவர்கள் பழைய வேகத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. வெளியே கொடுப்பதாக முடிவெடுத்தாலும் இரண்டு பேரையாவது கியூஏ-வாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சம்பளம் உங்களுக்கான காப்பீடு. டெம்ப்ளேட், சொற்பட்டியல், ஒலிக்கோப்பு எல்லாம் உங்கள் சொத்து என்றும், ஒப்பந்தம் முடியும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய வடிவம் இது என்றும் எழுதி வாங்குங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

நிறுவனம் காட்டும் மாதிரி ரிப்போர்ட்டைப் பார்க்காதீர்கள். உங்கள் டிக்டேஷன்களிலிருந்து 50 எடுங்கள். தெளிவாகப் பேசுபவருடையது மட்டும் போதாது, வேகமாகப் பேசுபவர், கொட்டாவி விட்டுக்கொண்டே இரவு இரண்டு மணிக்குச் சொன்னவர், நடுவில் போன் எடுத்தவர் எல்லாரும் அதில் இருக்கட்டும். முதலில் தகவல் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஒலியில் வரும் நோயாளி அடையாளங்களையும் நீக்கிவிட்டு, அதே 50-ஐ உங்கள் ஆட்களுக்கும் வெளியாருக்கும் கொடுங்கள். எது யார் அடித்தது என்று தெரியாமல் கலந்து டாக்டரிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் திருத்திக் கையெழுத்துப் போட அவருக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும். லைனையும் மூன்று விதமாக எண்ணிப் பாருங்கள். இதற்கு இரண்டு வாரம் ஆகும். அந்த நிமிஷங்களை மேலே உள்ள கணக்கில் போட்டுவிட்டு, அப்புறம் ரேட் பேச உட்காருங்கள்.